பழைய பிக்கப்பில் சென்சார் தொல்லை: ஏற்காடு ஏறி இறங்கும் வண்டிக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

சேலத்தில் கோரிமேடு பக்கம் வண்டி எலெக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். என்னிடம் வருவதில் பாதி ஏற்காடு மலை ஏறி இறங்கும் பிக்கப்கள். மேலே போகும்போது அரிசி மூட்டை, சிமெண்ட், கம்பி. இறங்கும்போது காப்பிக்கொட்டை, மிளகு, மரத்துண்டு. எல்லாம் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய வண்டிகள். வண்டி மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. போனில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைக்கிறேன்.

ஒரு சொல் தகராறு மட்டும் முதலில் தீர்த்துவிடலாம். வண்டியையும் பிக்கப் என்கிறோம், அது எழும்பி ஓடுவதையும் பிக்கப் என்கிறோம். கீழே பிக்கப் என்றால் வண்டி. மற்றதை இழுவை என்று எழுதியிருக்கிறேன்.

என் வண்டி ரொம்பப் பழையது. அதில் சென்சார் என்று ஏதாவது இருக்கிறதா?

பானெட்டைத் திறந்து, டீசலை என்ஜினுக்குள் பீய்ச்சும் நாசிலைப் பாருங்கள். நாசில் தலையில் ஒயர் கப்ளர் செருகியிருந்தால் அது காமன் ரெயில் வண்டி (டீசல் ஒரே பொதுக் குழாயில் அழுத்தத்தோடு நின்று, அங்கிருந்து எல்லா நாசிலுக்கும் போகும்); கிராங்க், கேம் (இரண்டும் என்ஜின் சுற்றும் நிலையைப் பார்ப்பவை), காற்று, வெப்பம், ரெயில் பிரஷர், ஆக்சிலேட்டர் என்று சென்சார்கள் வரிசையாக இருக்கும். பம்பிலிருந்து ஒவ்வொரு நாசிலுக்கும் தனித்தனி இரும்புக் குழாய் நேராகப் போய், ஒயரே இல்லையென்றால் பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டி. அதில் வெப்பமானி முள்ளுக்கு ஒன்று, ஆயில் பிரஷர் விளக்குக்கு ஒன்று, டேங்கில் மிதவை ஒன்று, பெரும்பாலும் அவ்வளவுதான். அவை கெட்டாலும் வண்டி ஓடும். சாவியைத் திருப்பினால் டீசலைத் திறந்துவிடும் சொலினாய்டு மட்டும் கெட்டால் நின்றுவிடும். இனி நான் சொல்வதெல்லாம் காமன் ரெயில் வண்டிக்கு.

டேஷ்போர்டில் என்ஜின் விளக்கு எரிகிறது. மலை ஏறலாமா?

மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்து, இழுவை, சத்தம், வெப்பம் எல்லாம் வழக்கம்போல இருந்தால் லோடை இறக்கிவிட்டு வந்து பார்க்கலாம். இழுவையும் சேர்ந்து குறைந்திருந்தால் அடிவாரத்தைத் தாண்டாதீர்கள்.

சிவப்பில் ஆயில் விளக்கு எரிந்தால் கதை வேறு. "சென்சார்தான் கெட்டிருக்கும்" என்று தைரியம் சொல்லும் ஆள் பக்கத்தில் எப்போதும் ஒருவர் இருப்பார். அவர் பேச்சைக் கேட்க வேண்டாம். உடனே ஆஃப் செய்து ஆயில் அளவு பாருங்கள். அளவு சரியாக இருந்தாலும், சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் பிரஷர் மீட்டர் மாட்டிப் பார்த்த பிறகுதான் சுவிட்சின் மேல் பழி போட வேண்டும்.

ஸ்கேனர் போட்டார்கள், கேம் சென்சார் என்று வந்தது. மாற்றிவிடலாமா?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஸ்கேனரில் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) வரும் கோடு, அதாவது கோளாறு எண், கெட்டுப்போன சாமானின் பெயர் கிடையாது. வண்டியின் கம்ப்யூட்டர், அதாவது இசியூ, "இந்த வழியில் எனக்குச் சரியான சிக்னல் வரவில்லை" என்று சொல்கிறது. வழி என்றால் சென்சார், அதன் கப்ளர், கப்ளரிலிருந்து இசியூ வரை ஓடும் ஒயர், எர்த், அத்தனையும். பி 0340 என்று வந்தால் கேம் சென்சார் சர்க்யூட்டில் கோளாறு. கேம் சென்சார் கெட்டது என்று அதில் எங்கும் எழுதவில்லை.

நாகலூர் பக்கம் ஒரு எஸ்டேட் வண்டி இப்படித்தான் வந்தது. அதே பி 0340. முதலில் கேம் சென்சார் மாற்றியிருக்கிறார்கள். இரண்டு நாளில் விளக்கு மறுபடி வந்தது. பிறகு கிராங்க் சென்சார் மாற்றினார்கள். அப்புறம் "இசியூ போய்விட்டது" என்று சொல்லி, அதற்கு விலையும் சொல்லியிருக்கிறார்கள். ஓனர் பயந்துபோய் என்னிடம் கொண்டுவந்தார்.

என்ஜின் மவுண்ட் ரப்பர் ஒன்று அமுங்கி என்ஜின் கொஞ்சம் சாய்ந்திருந்தது. அதனால் ஒயர் கட்டு ஒரு இரும்புப் பட்டையில் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. வெளியே பார்த்தால் ஒயருக்கு ஒன்றுமே இல்லை, மேல் தோல் முழுசாக இருந்தது. ஒவ்வொரு ஒயராக இரண்டு விரலில் பிடித்து மெல்ல இழுத்தேன். மற்றவை விறைப்பாக நின்றன. ஒன்று மட்டும் ஜவ்வு மிட்டாய் மாதிரி நீண்டது. உள்ளே செம்பு அறுந்து, தோல் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. வெட்டிப் பார்த்தால் பச்சைப் பொடி கொட்டியது. ஒரு சாண் ஒயர், ஈயம் வைத்த இணைப்பு, மேலே ஸ்லீவ், புது மவுண்ட் ரப்பர். வண்டி கிளம்பிவிட்டது. அதற்கு முன் வாங்கிய இரண்டு சென்சாரின் பணம் போனது போனதுதான்.

ஆகவே கோடு எதுவானாலும் சென்சார் வாங்குவதற்கு முன் மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள். மூன்று ஒயர் சென்சாராக இருந்தால் கப்ளரைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, மீட்டரை வைக்க வேண்டும். ஒரு முனையில் 5 வோல்ட் வர வேண்டும் (காந்தத்தை உணரும் ஹால் வகைச் சென்சார் சிலவற்றுக்கு 12 வோல்ட்டும் வரும்). இன்னொன்று எர்த். மூன்றாவது சிக்னல், அது கப்ளரிலிருந்து இசியூ வரை அறுபடாமலும், பாடியில் எங்கும் தொடாமலும் இருக்க வேண்டும். மூன்றும் சரியாக இருந்தால் சென்சாரைச் சந்தேகப்படலாம்.

அளவெடுக்கும்போது கப்ளரின் பின்பக்கத்திலிருந்து மெல்லிய குண்டூசி விட்டுப் பாருங்கள். முன்பக்கம் தடித்த முனையைக் குத்தினால் உள்ளே இருக்கும் பித்தளை விரிந்து, இல்லாத கோளாறு ஒன்று புதிதாக உருவாகும். ஒயர் தோலில் ஊசி குத்தியும் பார்க்காதீர்கள். சமவெளியில் ஒருவேளை தாங்கும். ஏற்காட்டுப் பனி அந்த ஊசித் துளை வழியாக உள்ளே போய் ஒரே வருடத்தில் செம்பைத் தின்றுவிடும்.

போனில் பார்க்கிற புளூடூத் ஸ்கேனர் வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் முதலில் மல்டிமீட்டர் வாங்குங்கள். மலிவான புளூடூத் ஸ்கேனர் எல்லாப் பழைய பிக்கப்போடும் பேசாது. ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனை சாக்கெட் இருக்கும், செருகினால் விளக்கு எரியும், ஆனால் இணைப்பு வராது. வாங்குவதற்கு முன் அதே மாடல், அதே வருடத்து வண்டி வைத்திருக்கும் ஒருவரிடம் இருப்பதை உங்கள் வண்டியில் செருகிப் பாருங்கள்.

இணைப்பு வந்தால் கோடைவிட நேரலையாக ஓடும் எண்கள்தான் உபயோகம். கோடு பார்த்தவுடன் அழிக்கிற பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. கோடு விழுந்த நேரத்தில் வேகம், வெப்பம், லோடு எவ்வளவு என்று இசியூ குறித்து வைத்திருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு அழியுங்கள்.

சேலத்தில் நன்றாக ஓடுகிறது. ஏற்றத்தில் மட்டும் இழுக்கவில்லை. எந்தச் சென்சார்?

ஏழெட்டுக் கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் இரண்டாவது கியரிலேயே முக்குகிறது என்பார்கள். சென்சாராக இருக்கலாம். ஆனால் அதுதான் கடைசி ஆள்.

முதலில் ஏர் ஃபில்டர். வெயில் காலத்தில் எஸ்டேட் மண் சாலையில் ஓடிய வண்டியின் ஃபில்டரைத் தட்டினால் செம்மண் ஒரு கைப்பிடி விழும். அடுத்து டீசல் ஃபில்டர். மூன்றாவது, காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து என்ஜினுக்குக் காற்று கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ். கிளாம்பு போட்டிருக்கும் இடங்களில் கருப்பாக எண்ணெய் கசிந்திருந்தால் காற்றும் அங்கேதான் போகிறது. ஹோஸின் அடிப்பக்கம் கை விட்டுத் தடவிப் பாருங்கள், வெடிப்பு எப்போதும் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில்தான் இருக்கும்.

புகையும் ஒரு துப்பு. கரும்புகை தள்ளிக்கொண்டு இழுக்காவிட்டால் காற்று போதவில்லை. புகையே இல்லாமல் இழுக்காவிட்டால் டீசல் போதவில்லை, அல்லது இசியூ வேண்டுமென்றே பிடித்து வைத்திருக்கிறது. தப்பாமல் பொருந்தும் விதி என்று சொல்ல மாட்டேன், ஆனால் எங்கே தொடங்குவது என்று காட்டும்.

இனி சென்சார். இன்டேக் மேனிஃபோல்டிலோ அதற்குப் போகும் குழாயிலோ காற்றழுத்தம் பார்க்கும் மேப் சென்சார் இருக்கும். இதைச் சோதிக்க நமக்கு ஒரு வசதி இருக்கிறது. சென்னைக்காரர்களுக்கு அது கிடையாது. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். உயரம் கூடினால் காற்றழுத்தம் குறையும். என்ஜினை ஓடவிடாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால் மேப் சென்சார் சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தத்தையே காட்ட வேண்டும். சேலத்தில் 97, 98 கிலோபாஸ்கல் காட்டும். அதே வண்டியை மேலே ஏற்காடு ஒண்டிக்கடையில் நிறுத்திப் பார்த்தால் 84, 85 காட்ட வேண்டும். கீழேயும் மேலேயும் ஒரே எண் வந்தாலோ, கீழேயே 80 காட்டினாலோ சென்சார் பொய் சொல்கிறது, அல்லது அதன் வாயில் கரி அடைத்திருக்கிறது. 32 கிலோமீட்டரில் பைசா செலவில்லாமல் இரண்டு அளவு கிடைத்துவிடும்.

அடுத்து லோடோடு ஏறும்போது பார்க்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் போனைப் பார்க்கட்டும், ஓட்டுபவர் ரோட்டைப் பார்க்கட்டும். முழுதாக மிதித்து ஏறும்போது டர்போ வண்டியில் அந்த எண் 180, 200 என்று எழும்ப வேண்டும். 110ஐத் தாண்டாமல் நின்றால் காற்று எங்கோ வெளியே போகிறது, அல்லது டர்போ சுற்றவில்லை. இரண்டுக்கும் சென்சார் பொறுப்பில்லை. பி 0299 என்ற கோடு வருவதும் பெரும்பாலும் இதற்குத்தான்.

கரி அடைத்த மேப் சென்சாரை எடுத்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து, தானாக உலரவிட்டு மாட்டினால் போதும். கம்பி விட்டுச் சுரண்டாதீர்கள். ஏர் ஃபில்டர் பெட்டிக்கு அடுத்து, உள்ளே போகும் காற்றின் அளவைப் பார்க்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் இருக்கும் வண்டியில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். உள்ளே இருப்பது முடி போன்ற மெல்லிய பாகம். அதற்கென்று விற்கும் கிளீனரை மட்டும் அடிக்க வேண்டும். கம்ப்ரஸர் காற்று பிடித்தால் அதோடு அதன் கதை முடிந்தது.

வெயிலில் ஓடிச் சூடானதும் தானாக ஆஃப் ஆகிவிடுகிறது. அரை மணி நேரம் கழித்து ஒன்றும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது. பேய் பிடித்திருக்கிறதா?

பேய்க்குப் பெயர் கிராங்க் சென்சார். பெரும்பாலும்.

ஃபிளைவீல் பக்கமோ முன் புல்லி பக்கமோ இருக்கும் சின்ன சாமான் இது. சக்கரத்தின் பற்கள் தன் முன்னே ஓடுவதை எண்ணி இசியூவுக்குச் சொல்கிறது. இது பேசாவிட்டால் என்ஜின் சுற்றுகிறதா என்றே இசியூவுக்குத் தெரியாது, நாசிலைத் திறக்காது. இரண்டு ஒயர் வகையில் உள்ளே முடிபோலக் கம்பி சுற்றியிருக்கும். வருடக்கணக்கில் சூடாகிக் குளிர்ந்து எங்காவது விரிசல் விட்டால், சூட்டில் விலகி, ஆறினால் ஒட்டிக்கொள்ளும். பட்டறைக்கு வண்டி வந்து சேரும்போது ஆறியிருக்கும், கோளாறு இருக்காது. "நேற்று முழுக்கத் தொல்லை பண்ணியது, இன்றைக்கு உங்களிடம் வந்ததும் நல்ல பிள்ளை ஆகிவிட்டது" என்பார்கள். டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் விடுகிற பிள்ளை மாதிரி.

நின்ற இடத்திலேயே பார்ப்பது நல்லது. செல்ஃப் அடிக்கச் சொல்லி, ஸ்கேனரில் ஆர்பிஎம் எண்ணைப் பாருங்கள். செல்ஃப் நன்றாகச் சுற்றும்போது 200ஐ ஒட்டி ஏதாவது எண் வர வேண்டும். சுற்றிக்கொண்டே இருக்கும்போது 0 என்று நின்றால் கிராங்க் சென்சார், அல்லது அதன் ஒயர். ஸ்கேனர் இல்லையா? ஈரத்துணியை சென்சார்மேல் போட்டு இரண்டு நிமிடம் விடுங்கள். என்ஜின் நின்றிருக்கும்போது மட்டும். பெல்ட், ஃபேன் பக்கம் துணி போகக் கூடாது. உடனே ஸ்டார்ட் ஆனால் குற்றவாளி அதுதான்.

இரண்டு ஒயர் வகையை ஓம் மீட்டரில் அளக்கலாம். வண்டிக்கு வண்டி வேறுபட்டாலும் சில நூறு ஓமிலிருந்து ஆயிரத்தை ஒட்டி வரும். ஆறியிருக்கும்போது ஒரு எண், சூட்டில் மீட்டர் எதையுமே காட்டவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம். மூன்று ஒயர் ஹால் வகையை ஓமில் அளக்காதீர்கள், அதனால் எதுவும் தெரியாது.

புதிது வாங்கும் முன் பழையதைக் கழற்றி முனையைப் பாருங்கள். அது காந்தம். கிளட்ச் பக்கத்திலிருந்து வரும் இரும்புத்தூள் தாடி மாதிரி ஒட்டியிருந்தால் துடைத்து மாட்டிப் பாருங்கள், சில சமயம் அதோடு சரியாகிவிடும்.

பெரும்பாலும் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ஆர்பிஎம் நன்றாகக் காட்டி, ரெயில் பிரஷர் மட்டும் 200 பாரை (பார் என்பது அழுத்தத்தின் அளவு) தொடாமல் கீழேயே கிடந்தால் சென்சாரை விட்டுவிடுங்கள். சூட்டில் டீசல் இளகி, தேய்ந்த நாசில் வழியாகவோ பம்ப் வழியாகவோ திரும்பி ஓடுகிறது. பம்ப் பட்டறைக்குப் போக வேண்டிய வண்டி அது.

ரெயில் பிரஷர் சென்சார் கோடு வந்தது. நாசில் பைப்பை லூஸ் பண்ணிப் பார்த்தால் தெரியுமா?

கூடாது. பழைய மெக்கானிக்கல் பம்பில் காற்று எடுக்க நட்டை லூஸ் பண்ணிய பழக்கத்தில் கேட்கிறீர்கள். காமன் ரெயிலில் ஐட்லிங்கிலேயே 250, 300 பார் இருக்கும். மிதித்தால் ஆயிரத்தைத் தாண்டும். அந்த வேகத்தில் வரும் டீசல் கையில் பட்டால் ஊசி மாதிரி தோலுக்குள் இறங்கும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். பட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரி. கசிவு தேடக் கையை நீட்டக் கூடாது, அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள்.

சென்சாரை மீட்டரிலேயே பார்த்துவிடலாம். என்ஜின் நின்று கொஞ்ச நேரம் கழித்து சாவி ஆனில் சிக்னல் ஒயரில் அரை வோல்ட்டை ஒட்டி இருக்கும், ஸ்கேனர் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டும். நின்ற வண்டியில் நூற்றுக்கணக்கில் பார் காட்டினால் அந்த சர்க்யூட்டைப் பாருங்கள்.

மார்கழியில் ஏற்காட்டில் நிறுத்தினால் காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. மூன்று பேட்டரி மாற்றியாயிற்று.

பேட்டரிக்கு முன் வெப்ப சென்சாரைப் பார்த்திருக்கலாம். கூலன்ட் எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கிறது என்று பார்த்துத்தான் இசியூ ஹீட்டர் பிளக்கை எத்தனை நொடி சூடாக்குவது, எவ்வளவு டீசல் விடுவது என்று முடிவு செய்கிறது. இரவெல்லாம் பனியில் நின்ற என்ஜினை இந்தச் சென்சார் "70 டிகிரி" என்று சொன்னால் ஹீட்டர் பிளக்குக்கு இசியூ வேலையே தராது. நீங்கள் செல்ஃப் அடித்து அடித்துப் பேட்டரியைத் தீர்ப்பீர்கள்.

காலையில் முதல் வேலையாகச் சாவியை ஆன் செய்து, கூலன்ட் வெப்பத்தையும் உள்ளே வரும் காற்றின் வெப்பத்தையும் ஸ்கேனரில் பாருங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். கூலன்ட் மைனஸ் 40 என்று வந்தால் ஒயர் அறுந்திருக்கிறது அல்லது கப்ளர் கழன்றிருக்கிறது. நம் ஊரில் யாரும் மைனஸ் 40 பார்த்ததில்லை, ஆகவே அந்த எண் வந்தால் யோசிக்கவே வேண்டாம். ஓமில் அளந்தால் வழக்கமான வகை 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம் வரையும், 80 டிகிரியில் 300 முதல் 400 வரையும் காட்டும். டம்ளரில் வெந்நீர் வைத்து சமையலறையிலேயே சோதிக்கலாம்.

சென்சார் சரி என்றால் ஹீட்டர் பிளக், அதன் ரிலே, அதற்குப் பிறகு பேட்டரி.

இறக்கத்தில் வெப்பமானி முள் விழுந்துவிடுகிறது. சென்சாரா?

கியரில் விட்டு இறங்கும்போது டீசல் நின்றுவிடும், என்ஜின் குளிரும். கொஞ்சம் இறங்குவது இயல்பு. அடியோடு விழுந்து, சமதரையில் ஏறவும் நேரமானால் தெர்மோஸ்டாட் (கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறந்து மூடும் வால்வு) திறந்தபடி சிக்கியிருக்கிறது. சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது. பலர் தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுகிறார்கள். அப்புறம் டீசல் அதிகம் குடிக்கிறது என்று என்னிடமே வந்து புலம்புகிறார்கள்.

மேலே போனதும் கொதிக்கிறது என்பவர்கள் ரேடியேட்டர் மூடியைப் பாருங்கள். ஏற்காட்டு உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடியின் ரப்பர் போயிருந்தால் ரேடியேட்டரும் திறந்த பாத்திரம்தான்.

ஆக்சிலேட்டரை மிதித்தால் திடீரென்று ஒன்றுமே ஆகாது. சாவியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் சரியாகிறது.

பெடலில் கேபிள் இல்லாத வண்டி என்றால் அங்கே ஒரே பெட்டிக்குள் இரண்டு சென்சார் இருக்கும். பல வண்டிகளில் ஒன்று காட்டும் வோல்ட்டில் சரிபாதியை மற்றது காட்டும். இரண்டும் ஒத்துவராவிட்டால் இசியூ பயந்துபோய் வண்டியை மெதுவாக மட்டும் ஓடவிடும். பி 2138 இதற்கான கோடு. பெடலை மிக மெதுவாக அழுத்திக்கொண்டே இரண்டு எண்ணையும் பாருங்கள். ஒரே சீராக ஏற வேண்டும். நடுவில் ஓரிடத்தில் குதித்தால் பெடல் தேய்ந்திருக்கிறது.

ஆனால் பெடல் வாங்கும் முன் பத்து ரூபாய் யோசனை ஒன்று: பிரேக் விளக்கைப் பாருங்கள். பிரேக்கும் ஆக்சிலேட்டரும் ஒரே நேரத்தில் மிதிபட்டால் பல வண்டிகளில் இசியூ ஆக்சிலேட்டரைப் பொருட்படுத்தாது. பிரேக் பெடலுக்கு மேலே இருக்கும் சுவிட்ச் ஒட்டிக்கொண்டால், நீங்கள் எப்போதும் பிரேக் மிதித்துக்கொண்டே ஓட்டுவதாக அது நினைக்கும். மலை இறங்கி இறங்கிப் பிரேக் பிடித்த வண்டிகளில் இந்தச் சுவிட்ச் சீக்கிரம் தேயும். இரவில் பின்னால் சுவரில் சிவப்பு வெளிச்சம் அணையாமல் தெரிகிறதா என்று பார்த்தாலே போதும்.

கொண்டை ஊசி வளைவில் மட்டும், அதுவும் வலது பக்கம் திரும்பும்போது மட்டும் மிஸ்ஸிங் அடிக்கிறது.

ஒரு பக்கம் மட்டும் என்று நீங்கள் கவனித்ததே பாதி வேலை. திரும்பும்போது என்ஜின் மவுண்டில் ஒரு பக்கம் சாய்கிறது, ஒயர் கட்டு இழுபடுகிறது. வண்டியை நிறுத்தி, ஐட்லிங்கில் விட்டு, ஒயர் கட்டை ஒவ்வோர் இடமாக மெல்ல அசைத்துப் பாருங்கள், சுற்றும் பாகங்களிலிருந்து கையையும் சட்டையையும் தள்ளி வைத்து. எந்த இடத்தில் அசைத்தால் என்ஜின் தடுமாறுகிறதோ அங்கே பிரியுங்கள். என்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையையும் பாருங்கள். டேங்கில் டீசல் குறைவாக இருந்தாலும் வளைவில் காற்று இழுக்கும். அதற்கு ஸ்கேனர் தேவையில்லை, பங்க் தேவை.

ஒரே நேரத்தில் ஆறு கோடு வந்திருக்கிறது. ஆறும் கெட்டுவிட்டதா?

ஆறும் ஒரே நாளில் கெடாது. அவற்றுக்குப் பொதுவாக எது என்று பாருங்கள். முதலில் பேட்டரி: நின்றபோது 12.6 வோல்ட், ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை. பிறகு எர்த். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மற்றதை என்ஜின் இரும்பிலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வந்தால் எர்த் கேபிளைச் சுரண்டி மாட்டுங்கள்.

இரண்டும் சரி என்றால் 5 வோல்ட். பல சென்சார்களுக்கு இசியூ ஒரே 5 வோல்ட்டைப் பங்கிட்டுத் தருகிறது. ஒன்று உள்ளே ஷார்ட் ஆனால் அதோடு சேர்ந்த எல்லாமே படுத்துவிடும். சாவியை ஆன் செய்து ஒவ்வொரு கப்ளராகக் கழற்றிக்கொண்டே போங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பி வருகிறதோ, அதுதான். எல்லாம் கழற்றியும் வராவிட்டால் ஒயர் எங்கோ பாடியில் தொடுகிறது.

எலி கடித்திருக்குமா?

எஸ்டேட் ஷெட்டில் நிற்கும் வண்டி என்றால் அதை முதலில் கேட்டிருக்க வேண்டும். இரவில் சூடாக இருக்கும் என்ஜின் மேல்தான் குடித்தனம். மேலே கிடக்கும் புழுக்கையையும் காப்பித் தோலையும் பார்த்தால் தெரியும். புகையிலைத் தூள், நாப்தலின் உருண்டை என்று ஆளுக்கொரு வைத்தியம்; நான் பார்த்தவரை எலி இரண்டு வாரத்தில் பழகிக்கொள்கிறது. பானெட்டைத் திறந்து வைத்து நிறுத்துவதுதான் ஓரளவு பலிக்கிறது.

பழைய வண்டியில் கழற்றிய சென்சார், கம்பெனி பெயர் இல்லாத சென்சார் போடலாமா?

மேப் சென்சார், பெடல் போன்றவற்றை ஓடுகிற வண்டியிலிருந்து கழற்றியது என்று தெரிந்தால், பாகத்தின் எண் ஒன்றாக இருந்தால், போடலாம். கிராங்க் சென்சாரைப் பழையதாக வாங்காதீர்கள். அது சூட்டில்தான் கெடும், கடையில் வைத்துப் பார்த்தால் தெரியாது. பெயரில்லாத மலிவுச் சென்சார் சேலத்துச் சமவெளியில் ஓடிவிடும். மலையில் அரை மணி நேரம் முழு லோடில் கொதித்த பிறகுதான் அதன் குணம் தெரியும்.

வெல்டிங், வாட்டர் சர்வீஸ் பண்ணினால் சென்சார் போகுமா?

பாடியில் வெல்டிங் வைக்கும் முன் பேட்டரியின் இரண்டு கேபிளையும் கழற்றுங்கள், முடிந்தால் இசியூ கப்ளரையும். எர்த் கிளாம்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள். வாட்டர் சர்வீஸில் என்ஜின் மேல் நேராகத் தண்ணீர் பீய்ச்ச வேண்டாம்; கப்ளரின் ரப்பர் வளையம் பத்து வருடத்தில் காய்ந்து போயிருக்கும்.

வண்டியில் எப்போதும் எதை வைத்துக்கொள்வது?

ஒரு நல்ல கிராங்க் சென்சார், அதைக் கழற்றும் 10 நம்பர் ஸ்பேனர், இரண்டு ரிலே, ஃபியூஸ், இரண்டு மீட்டர் ஒயர், இன்சுலேஷன் டேப், டார்ச். அப்புறம் டயருக்கு வைக்க மரக்கட்டை இரண்டு. மலையில் நிற்கும்போது கட்டைக்குப் பதில் ரோட்டோரக் கல்லைப் புரட்டி வைத்திருந்தால், கிளம்பும்போது அதை எடுத்து ஓரம் போட்டுவிட்டுப் போங்கள். இருட்டில் பைக்கில் இறங்குகிறவருக்கு அது தெரியாது.